ராமுலு நிற்கிற இடம்

காற்றாலைகள் அத்தனையும் பாலக்காட்டுக் கணவாயைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற ஆடி மாதத்தில், கரட்டுப்பாளையத்து நூல் மில்லுக்குப் பின்னால் இருந்த லாயத்தில், ராமுலு என்கிற குதிரை ஒரு திங்கட்கிழமை விடியும்போது கண்ணுக்குத் தெரியாமல் போனான். தொலைந்து போகவில்லை. அங்கேதான் இருந்தான். தொட்டியில் ஊறவைத்த கொள்ளு வாய் வாயாகக் குறைந்துகொண்டு வந்தது, வைக்கோல் ஒரு பக்கமாக அமுங்கி எழுந்தது, ஈயை விரட்டுகிற வால் சுவரில் பட்டுப் பட்டென்று சத்தம் கேட்டது, கதவைத் திறந்த சாதிக்கின் கழுத்தில் தினமும் வந்து உரசுகிற ஈர மூக்கு அன்றும் வந்து உரசியது. லாயத்தைப் பார்த்துக்கொள்கிற சாதிக் கையை நீட்டி நெற்றியைத் தேடித் தடவி, கழுத்தைத் தேடித் தடவி, கீழே குனிந்து கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, வீக்கமோ சூடோ இல்லை என்று தெரிந்துகொண்டு, கோகிலவாணிக்குப் போன் போட்டான்.

"அக்கா, ராமுலு நல்லாத்தான் இருக்கான். காய்ச்சல் இல்ல, சாப்பிடறான். ஆனா பாக்க முடியல."

"லைட்டு போட்டியா?"

"வெளிச்சமெல்லாம் இருக்குக்கா. அவன்தான் இல்ல. இருக்கான், ஆனா இல்ல. நீங்க வந்துருங்க."

கோகிலவாணி வந்தாள். அவள் இந்த ஊர்க்காரிதான். அவளுடைய அம்மா அதே மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவள். மகளைக் கால்நடை மருத்துவம் படிக்க அனுப்பினாள். மகளோ போன இடத்தில் என்.சி.சி. குதிரைகளைப் பார்த்துவிட்டு, மாட்டுக்கு ஊசி போடப் படித்த நேரத்தைவிடக் குதிரை முதுகில் இருந்த நேரமே அதிகம் என்கிற கணக்கில் பட்டம் வாங்கி வந்தாள். டிரெஸ்ஸாஜ் என்று ஒரு போட்டி உண்டு. அதில் ஓட்டமும் இல்லை, தாண்டுதலும் இல்லை. மணல் பரப்பிய நீளமான திடலில் குதிரை நடக்க வேண்டும், துள்ளி நடக்க வேண்டும், கால் மேல் கால் மாற்றிப் பக்கவாட்டில் போக வேண்டும், நின்ற இடத்திலேயே தாளம் தப்பாமல் குதித்துக் காட்ட வேண்டும், மேலே இருப்பவர் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரிய வேண்டும். ஊர் அதற்குக் குதிரை நாட்டியம் என்று பெயர் வைத்திருந்தது. கோகிலவாணி மாநிலத்தில் முதலாவதாக வந்தபோது பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். அடுத்த வருஷம் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து, பேசி முடித்திருந்த கல்யாணமும் அந்தப் படுக்கையிலேயே முறிந்து, எழுந்து நடக்கப் பழகி, யாருடைய குதிரையிலோ டெல்லிக்குப் போய், அந்தக் குதிரை பார்வையாளர் ஒருவர் விரித்த குடையைப் பார்த்து மிரண்டு அவளையும் சுமந்துகொண்டு திடலைவிட்டே ஓடி, மணி அடித்து வெளியேற்றப்பட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தபோது, அந்தப் பழைய ஃபிளெக்ஸ் யார் வீட்டு வைக்கோல்போருக்கோ மூடியாகி, அவள் முகம் பாதி வெளியே தெரியக் கிடந்தது. அதைப் பார்த்து அவளே சிரித்தாள். மறுநாளும் குதிரை ஏறினாள்.

மில் முதலாளி தண்டபாணி ஜெர்மனிக்கு மெஷின் வாங்கப் போய்க் குதிரை வாங்கிக்கொண்டு வந்தவர். காகிதத்தில் அதன் பெயர் ரோமுலஸ். மில் கேட்டைத் தாண்டும்போதே அது ராமுலு ஆகிவிட்டது. புளி போட்டுத் துலக்கி வெயிலில் கவிழ்த்த செப்புக்குடத்தின் நிறம். விருந்தாளிகள் வந்தால் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது தண்டபாணிக்குப் பிடிக்கும். மற்ற நேரமெல்லாம் குதிரை கோகிலவாணியிடம் இருந்தது. வருஷக்கணக்காக அவள் அவனுக்கும் அவன் அவளுக்கும் கற்றுக்கொடுத்து, போன வருஷம் தேசியப் போட்டியில் இரண்டாவதாக வந்தார்கள். இரண்டாவது இடத்துக் குதிரைக்கு நல்ல கிராக்கி. மும்பையில் ஒரு பெரிய மனிதர் தன் மகளுக்காகக் கேட்டார், தண்டபாணியும் சரி என்றார். அவர் வந்து குதிரையைப் பார்த்துவிட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தது அந்தத் திங்கட்கிழமைதான்.

பத்து மணிக்கு அவர் வந்தார். தண்டபாணி லாயத்துக்குள் கையைக் காட்டினார். வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"எங்கே?"

"அங்கதாங்க," என்றாள் கோகிலவாணி. "இன்னும் ரெண்டு எட்டு உள்ள போங்க. கொஞ்சம் எடப்பக்கம்."

அவர் போனார். அவருடைய கைக்குட்டையை ஏதோ ஒன்று சட்டைப்பையிலிருந்து உருவிக் கீழே போட்டது. அவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. குதிரையைக் கழுத்திலிருந்து வால் வரைக்கும் இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, அருமையான உடம்புக்கட்டு என்று ஒத்துக்கொண்டார். ஆனால் மகளுக்கு என்ன சொல்வது, போட்டோவில் எதைக் காட்டுவது என்று யோசித்து, காலி லாரியோடு கிளம்பிப் போய்விட்டார். வாசலில் நின்று டயர்ப் புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்த தண்டபாணிக்குக் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது.

"உனக்குத்தான இவன் இருக்கோணும்? நீயே வெச்சுக்க, அம்மிணி. கண்ணுக்குத் தெரியாததுக்கெல்லாம் நான் தீனி போட முடியாது," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போனார்.

ஏன் இப்படி ஆயிற்று என்று ஊரில் யாரும் மெனக்கெட்டுக் கேட்கவில்லை. ஆடிக்காற்று சிலருடைய கூரையைக் கொண்டு போகிறது, சிலருடைய பேச்சைக் கொண்டு போகிறது, இந்த வருஷம் ஒரு குதிரையின் உருவத்தைக் கொண்டு போயிருக்கிறது, அவ்வளவுதான். கேட்க வேண்டியது வேறு இருந்தது: வாயும் வயிறும் இருக்கிற பிராணி என்ன தின்னும்? தென்னந்தோப்புக்காரர்கள் வரப்பில் அறுத்த புல்லைக் கட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். பேக்கரிக்காரர் விற்காத பன்னைக் கொடுத்தார், அது குதிரைக்கு ஆகாது என்று கோகிலவாணி சொன்னதும் கேரட்டுக்கு மாறினார். மில்லில் முதல் ஷிப்ட் முடிந்து போகிற பெண்கள் சாப்பாட்டுக் கூடையில் வெள்ளரிப்பிஞ்சு கொண்டுவந்து வேலிக்கு மேலே நீட்டுவார்கள். பிஞ்சு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போகும். உள்ளங்கையில் சூடான மூச்சு படும். அதை அவர்கள் முந்தானையில் துடைத்துக்கொள்ளாமல் வீடுவரை கொண்டு போனார்கள்.

யாரும் அவன்மேல் மோதிக்கொள்ளாமல் இருக்கக் கழுத்தில் ஒரு வெண்கல மணி கட்டினாள் கோகிலவாணி. மணி தெரிந்தது, கடிவாளம் தெரிந்தது, சேணம் தெரிந்தது, அவை எல்லாம் காற்றில் மிதந்து வருவதைப் பார்த்து முதல் வாரம் நாய்கள் குரைத்தன. இரண்டாவது வாரம் நாய்களும் விட்டுவிட்டன. கருப்பராயன் கோயில் பூசாரி மட்டும் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, காவல் தெய்வம் ஏறுகிற குதிரைதான் மனுஷக் கண்ணுக்குத் தெரியாது, அதனால் இவனைக் கோயிலுக்கு விடுவதுதான் முறை என்று பணிவாகச் சொன்னார்.

கோகிலவாணி யோசித்தாள். "சாமி ஏறட்டுங்க, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா காலைல ஆறு மணிக்கு எனக்கு வேணும். களைச்சுப் போயிருக்கக் கூடாது."

பூசாரி கருப்பராயனிடம் பூக்கட்டிக் கேட்டார். தனக்கு மண் குதிரையே போதும் என்று உத்தரவு வந்தது. அதோடு அந்தப் பேச்சும் முடிந்தது.

முடியாதது அவளுடைய சிரமம்தான். குதிரை தெரிகிறவரை பார்க்கிறவர்கள் குதிரையைப் பார்ப்பார்கள். செப்பு நிறத்தில் அவ்வளவு பெரிய உடம்பு அலை அலையாக அசையும்போது மேலே இருக்கிறவளின் கை கொஞ்சம் பதறினாலும், தோள் கொஞ்சம் ஏறினாலும், குதிகால் தேவைக்கு மேல் அழுத்தினாலும் அந்த அழகில் அதெல்லாம் மறைந்து போகும். இப்போது மறைக்க ஒன்றும் இல்லை. மில்லின் பின்பக்கத் திடலில் ஒரு பெண் ஆள் உயரத்துக்கும் மேலே, ஒன்றுமில்லாததன் மேல் காலை விரித்து உட்கார்ந்துகொண்டு, முழங்கையை ஆட்டிக்கொண்டும் உதட்டைக் கடித்துக்கொண்டும் போவதை ஊர் முழுக்க வேலியில் சாய்ந்து பார்த்தது. இத்தனை வருஷம் தான் எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டு அவன் முதுகில் இருந்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் சில நாள் இறங்கி லாயத்துக்குள் போய் அவன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அவமானமாக இருந்தது. கழுத்து அங்கே இருந்தது, வியர்வை வாசனையோடு, கனமாக, அவள் எவ்வளவு நேரம் சாய்ந்தாலும் விலகாமல்.

"அக்கா, வேலியில படுதா கட்டிரட்டுமா?" என்று சாதிக் கேட்டான்.

"வேண்டாம்," என்றாள். "பாக்கட்டும். நான் சரியா உக்கார்றவரைக்கும் பாக்கட்டும்."

அப்படித்தான் பார்த்தார்கள். ஆடி போய் ஆவணி வந்து, காற்று அடங்கி, ஐப்பசி மழை திடலை இறுக்கி, மார்கழிப் பனி மணலை ஈரமாக்கி, அவள் தினமும் ஏறினாள், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னிடமிருந்து எதையோ கழற்றிப் போட்டாள். முழங்கையின் ஆட்டத்தைக் கழற்றினாள். தோளின் பயத்தைக் கழற்றினாள். டெல்லியின் குடையைக் கழற்றினாள், முறிந்த இடுப்பின் நினைப்பைக் கழற்றினாள். கடைசியில் மூச்சை இழுத்தால் அவன் நீளமாவதும், விட்டால் அவன் சுருங்கி நிற்பதுமாக, நினைத்த மாத்திரத்தில் கீழே கால்கள் மாறின. அவள் இறங்கிப் போன பிறகு ஊர்க்காரர்கள் திடலுக்குள் வந்து மணலைப் பார்ப்பார்கள். குளம்பு பதிந்த வட்டம் வட்டமாகவே இருக்கிறதா, நேர்கோடு எங்கே இடுப்பை வளைக்கிறது என்று கோலப்போட்டிக்கு வந்தவர்களைப் போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, டீக்கடையில் போய் அதைப் பற்றி வாதாடுவார்கள். ஊரில் சண்டைக்குக் கூடப் புது வார்த்தை கிடைத்தது. ஒருவன் பேச்சு மாறினால், "என்னடா, கால் மாத்தறே" என்றார்கள்.

தேசியப் போட்டி தை மாதம் புனேயில். இசையோடு ஆடிக் காட்டுகிற பிரிவுக்கு ஊர் ஜமாப் குழு மேளம் அடித்துப் பதிவு பண்ணிக் கொடுத்தது. ராமுலுவின் துள்ளுநடைக்கு ஏற்ற வேகம் பிடிபடுகிறவரை அவர்கள் வேலிக்கு வெளியே வெயிலில் நின்று அடித்தார்கள். தோப்புக்காரர்கள் சேர்ந்து லாரி பிடித்தார்கள். சாதிக்கும் அவளும் ராமுலுவும் போய் இறங்கினார்கள்.

அங்கே டாக்டர் குதிரையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், கழுத்தில் தோலுக்கடியில் பதித்திருந்த அடையாளச் சிப்பைக் கருவியால் தேடினார், கருவி கூவியது, எண் சரியாக இருந்தது. ஆனால் நடுவர்களில் ஒருவரான கர்னல் ஒத்துக்கொள்ளவில்லை. பார்க்க முடியாத குதிரைக்கு மதிப்பெண் போடுவது எப்படி, நாளைக்கு ஒருத்தர் குதிரையே இல்லாமல் வந்து இருக்கிறது என்று சொன்னால் என்ன செய்வது என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான் என்று கோகிலவாணிக்கும் பட்டது. தலைமை நடுவர் சுனந்தா காலே, நரைத்த முடியை ஒட்ட வெட்டிய அம்மாள், எழுந்து வந்து ராமுலுவின் முன்னால் நின்று கையை நீட்டினார். கை நடுவில் தடுத்து நின்றது. கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார்.

"எத்தனை வயசு?"

"பதினாறுங்க மேடம்."

"என் கடைசிக் குதிரைக்கும் பதினாறு," என்றார் அந்த அம்மாள். பிறகு கர்னலைப் பார்த்து, "மணல் இருக்கிறது, காது இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டாம், கேளுங்கள்," என்றார்.

அன்று மத்தியானம் கோகிலவாணி கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாகத் திடலுக்குள் வந்தபோது, பார்வையாளர்களில் சிலர் சிரித்தார்கள். அவள் நடுக்கோட்டில் வந்து நின்றாள். தலை தாழ்த்தி வணங்கினாள். ஜமாப் தொடங்கியது. மணலில் குளம்புத்தடங்கள், புழுதியில் கோடைமழையின் முதல் துளிகள் விழுவது போல, ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. அவள் அவற்றுக்கு மேலே நிமிர்ந்து போனாள். நீண்ட துள்ளுநடையில் திடலின் குறுக்கே போனபோது ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் நடுவில் அவ்வளவு தூரம் வெறும் காற்று இருந்தது, அந்தக் காற்றில் அவள் அசையாமல் இருந்தாள். பக்கவாட்டில் போனபோது தடங்கள் கூந்தல் பின்னுவது போல ஒன்றை ஒன்று தாண்டின. கால் மாற்றித் தாவுகிற வரிசையில் ஒரு இடத்தில் தவறியது. அது அவளுடைய தவறு, அவசரப்பட்டுவிட்டாள், அவன் காத்திருந்து அடுத்த அடியில் அவளைச் சேர்த்துக்கொண்டான். பிறகு திடலின் நடுவே நின்ற இடத்திலேயே அவன் குதிக்கத் தொடங்கினான். மேளம் அடிக்க அடிக்க மணல் இரண்டு இரண்டு இடமாகக் கிளம்பி அடங்க, கட்டிப்போட்ட பரிசல் தண்ணீரில் எழுந்து தாழ்வது போல அவள் எழுந்து தாழ்ந்தாள். சிரித்தவர்களில் யாரும் இப்போது சிரிக்கவில்லை. கர்னல் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கண்ணை மூடி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி வணக்கத்துக்கு நின்றபோது அவளுக்கு எந்தப் பயமும் இல்லை. மதிப்பெண் என்னவாக இருந்தாலும் இருக்கட்டும் என்று இருந்தது. அவள் வாழ்நாளில் ஏறியதிலேயே நல்ல சவாரி இது. அது அவளுக்குத் தெரியும், அவளுக்கு அடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறவனுக்கும் தெரியும். ஒலிபெருக்கியில் ரோமுலஸ் முதலிடம் என்றார்கள். சாதிக் போனில் அதை ஊருக்குக் கேட்கவைத்தான். டீக்கடையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் திடலுக்குத் தண்டபாணி வந்தார். கூடவே அந்த மும்பைக்காரரும் வந்தார். கண்ணுக்குத் தெரியாத குதிரை, அதுவும் தேசத்திலேயே முதல் குதிரை, இப்போது அவருடைய மகளுக்கு அதுதான் வேண்டும் என்றிருந்தது. வேலி ஓரமாக இராத்திரி ஷிப்ட் முடிந்த பெண்கள், ஜமாப்காரர்கள், பூசாரி என்று ஊரில் பாதி நின்றது. தண்டபாணி கொண்டுவந்த மாலையைக் கோகிலவாணியிடம் கொடுத்தார்.

"பெருமையா இருக்குது, அம்மிணி. ஆனா ஒண்ணு. காகிதமெல்லாம் என்ற பேர்லதான் இருக்குது. உனக்குத் தெரியாததில்ல."

"தெரியுங்க."

"அன்னிக்கு ஏதோ கோவத்துல வெச்சுக்கன்னு சொல்லிப்போட்டேன்."

"ஆமாங்க, சொன்னீங்க."

"உனக்கு வேற நல்ல குதிரை வாங்கித் தர்றேன். இதுக்கு மேல என்ன பேசறது. இவரு லாரி கொண்டாந்திருக்காரு."

கோகிலவாணி குதிரைமேல் இருந்து இறங்கினாள். வயிற்றுப்பட்டியை அவிழ்த்துச் சேணத்தை எடுத்து வேலியில் போட்டாள். மணியைக் கழற்றினாள். பிறகு கடிவாளத்தின் வாரைக் காதுக்குப் பின்னாலிருந்து மெதுவாக நகர்த்தி, இரும்பு பல்லில் இடிக்காமல் அவன் வாயிலிருந்து விடுவித்து, அதைத் தண்டபாணியின் கையில் கொடுத்தாள்.

"கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

இப்போது திடலில் மணலும் வெயிலும் மட்டும் இருந்தன. தண்டபாணி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியும் இப்படியும் பார்த்தார். மும்பைக்காரர் ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு நாலைந்து அடி வைத்து, ஒன்றும் தட்டுப்படாமல் நின்றார்.

"எங்க நிக்கறான்?" என்றார் தண்டபாணி.

வேலியில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும், அத்தனை மாதம் அவனைப் பார்க்கப் பழகியவர்கள். ஆனால் ஜமாப்காரர்கள் தென்னை மரத்தைப் பார்த்தார்கள், பெண்கள் சாப்பாட்டுக் கூடையைப் பார்த்தார்கள், சாதிக் வானத்தில் என்னவோ தேடினான்.

"ராமுலு," என்று கூப்பிட்டார் தண்டபாணி. அதுவரை அவர் ரோமுலஸ் என்றுதான் சொல்லுவார்.

கோகிலவாணி திடலின் வாசலைப் பார்த்து நடந்தாள். கூப்பிடவில்லை, நாக்கைச் சொடுக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அவள் கையில் ஒன்றும் இல்லை. வாசலுக்குப் பாதி தூரம் போகும்போது, அவன் வராமல் போகலாம் என்ற நினைப்பு முதல்முறையாக அவளுக்கு வந்தது. அப்படி வராமல் போனாலும் அது அவனுடைய இஷ்டம், இனிமேல் அவனை யாரும், தானும் கூட, கயிறு போட்டு இழுக்க முடியாது என்று நினைத்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு அடுத்த அடியை வைத்தாள். அப்போதுதான் வேலியில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்தாள். ஒரு முகமும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் அவளுக்குப் பின்னால் மணலில் இருந்தன, மெதுவாக, அவள் நடக்கிற வேகத்திலேயே நகர்ந்து வந்துகொண்டிருந்தன.

தண்டபாணியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தடங்கள் அவருடைய செருப்புக்கு ஒரு முழம் தள்ளி வளைந்து, வாசலைப் பார்த்து நேராகப் போயின. மும்பைக்காரர் இந்தியில் ஏதோ கேட்டார். தண்டபாணி கையிலிருந்த கடிவாளத்தைச் சாதிக்கிடம் நீட்டினார்.

"இது இல்லாம என்னத்த ஓட்டுவா. கொண்டுபோய்க் குடு," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "சேணத்தையும் எடுத்துக்க," என்றார்.

வாசலுக்கு வெளியே தார்ரோடு. அங்கே தடம் பதியாது, லாடத்தின் சத்தம் மட்டும் கேட்டது. உடுமலை போகிற டவுன் பஸ் வளைவில் திரும்பி வந்தது. ரோட்டோரமாக வெறுங்கையோடு நிமிர்ந்து வருகிற கோகிலவாணியைப் பார்த்ததும் டிரைவர் பிரேக் போட்டு, என்ஜினையும் அணைத்தார். ஏன் நிற்கிறது, யாருமே குறுக்கே இல்லையே என்று வெளியூர்க்காரர் ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் டிரைவர், காலி ரோட்டில் இருந்து கண்ணை எடுக்காமல். "ராமுலு போயிரட்டும்."